பால் ஆபீஸ் கடலுக்கு வந்த மாசி

பெரியவளே, நடுவுலவனே, கடைக்குட்டியே, மூன்று பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் படியுங்கள். பெரியவள் உரக்கப் படிக்கட்டும், மற்ற இருவரும் கேளுங்கள். நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தை மட்டும் திருத்தாதீர்கள்.

போன வாரம் பெரியவள் பள்ளிக்கூடத்திலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். வகுப்பில் அவசரத்தில் நம் பேச்சில் இரண்டு வார்த்தை பேசிவிட்டாளாம். பக்கத்துப் பெஞ்சுப் பெண்கள் சாயங்காலம் மணி அடிக்கிற வரைக்கும் அதையே திருப்பிச் சொல்லிச் சிரித்தார்களாம். "இனிமே வீட்லகூட அந்தப் பேச்சு வேணாம்பா. மாசிக்குக் கடலுக்கும் நான் வரல," என்றாள். நான் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. வாயால் சொன்னால் எனக்குப் பாதி மறந்துவிடும், மீதிப் பாதியைக் கோபத்தில் சொல்லிவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

பெரியவளே, உனக்கு ஒரு வயது முடியாத காலத்தில், உன் பெயருக்காக ஒரு ஆபீஸே அடுப்பு, அண்டா, தராசு எல்லாவற்றையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மகாபலிபுரம் கடற்கரைக்கு வந்தது. நான் கதை விடவில்லை. உன் மாமனைக் கேட்டுப் பார். அவன் இன்னும் இரண்டு மடங்கு சேர்த்துச் சொல்வான்.

அப்போது நம் குடிசைகள் ஆம்பூருக்கு வெளியே மலையடிவாரத்தில், ஏரிக்கரையை ஒட்டி இருந்தன. இருளர் என்றால் ஊரில் பாம்பு வந்தால் கூப்பிடுவார்கள், வயலில் எலி ஜாஸ்தியானால் கூப்பிடுவார்கள். மற்ற நாளில் நம் ஆண்களும் பெண்களும் மலையேறி ஆவாரம்பட்டை உரித்து, கட்டுக் கட்டாகத் தலையில் சுமந்து வந்து டேனரியில் போடுவார்கள். தோலைப் பதம் பண்ண அந்தப் பட்டை வேண்டும். நான் கொஞ்சம் எழுத்துக் கூட்டிப் படிப்பவன் என்பதால் டேனரிக்கு உள்ளேயே வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். படிப்புக்குக் கொடுத்த மரியாதை என்னவென்றால், பச்சைத் தோலை ஊறப் போடுகிற சுண்ணாம்புக் குழி. சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தால் உன் அம்மா என்னை வேலிக்கு அப்பாலேயே நிறுத்தி, "மொதல்ல ஏரிக்குப் போ, அப்புறம் புள்ளையத் தொடு," என்பாள்.

சத்துணவெல்லாம் வருவதற்கு முந்தைய காலம் அது. டேனரி வேலைக்காரர் குடும்பங்களுக்காக ஒரு டிரஸ்டு, ஊர் முனையில் தாய் சேய் மையம் ஒன்று நடத்தி வந்தது. போர்டில் பெரிய பெயர் இருந்தது. நாங்கள் எல்லோரும் அதைப் பால் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். காலையில் பிள்ளைகளுக்குப் பால், அப்புறம் கேழ்வரகுக் கஞ்சி. வாரத்தில் ஒரு நாள் டாக்டர் வருவார். அன்றைக்கு உத்தரத்தில் ஒரு ஸ்பிரிங் தராசைத் தொங்கவிட்டு, துணித் தூளியில் பிள்ளைகளை உட்கார வைத்து எடை பார்ப்பார்கள். நல்ல இடம்தான். ஆனால் நம் பெண்கள் அங்கே போய் இரண்டு வார்த்தை பேசினால், கஞ்சி ஊற்றுகிற அம்மா கரண்டியை நிறுத்திவிட்டு, "இன்னா பாஷைம்மா இது, பூனைங்க சண்ட போடற மாதிரி? தமிழ்ல பேசு," என்பார். வரிசையில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். நம் பெண்கள் மறுநாள் போக மாட்டார்கள்.

உன் அம்மா போனாள். நீ பிறந்து ஏழெட்டு மாதம் இருக்கும், அந்த மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்து விட்டு விட்டு அடித்தது. பால் கொடுத்தால் தேறிவிடுவாய் என்று டேனரி மேஸ்திரி பாய் சொல்ல, நான்தான் போகச் சொன்னேன்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் எழுதி வைக்கிறேன். நம் வகையறாவில் பிள்ளைக்கு அப்பன் பெயர் வைக்க முடியாது, ஆத்தாளும் வைக்க முடியாது. மாசி மகத்துப் பௌர்ணமிக்குக் கடற்கரைக்குப் போய், மணலில் கன்னியம்மாவைக் கூட்டி வைத்துக் கும்பிட வேண்டும். அவள் நம்மில் யார் மேலாவது இறங்கி, நம் பேச்சில் வாய் திறந்து ஒரு பெயர் சொல்வாள். அதுதான் பெயர். அதுவரைக்கும் பிள்ளை அவளுடையது. நாம் அவளுக்காகப் பார்த்துக்கொள்கிறோம், அவ்வளவுதான். நீ அந்த வருடத்து மாசி மகம் முடிந்து, ஜனங்கள் கடலிலிருந்து திரும்பி வந்து மூட்டையை இறக்குகிற நேரத்தில் பிறந்தாய். அன்றைக்கே எதற்கும் லேட்தான் நீ. அதனால் அடுத்த மாசி வரைக்கும் பெயரில்லாமல் இருந்தாய். அதில் உனக்கு ஒரு குறையும் வரவில்லை. உன் அம்மா நாக்கை மடித்து ஒரு சத்தம் போடுவாள். எவ்வளவு கூட்டத்தில் இருந்தாலும் நீ கழுத்தைத் திருப்பித் தேடுவாய்.

பால் ஆபீஸில் இது ஆகவில்லை. அங்கே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அலுமினிய தம்ளர் உண்டு. தம்ளரில் சிவப்பு பெயின்டில் பிள்ளையின் பெயர் எழுதியிருக்கும். பெயரைக் கூப்பிட்டால் தாய் எழுந்து போய் வாங்கிக்கொள்ள வேண்டும். பிள்ளைக்குப் பெயர் இல்லை என்று உன் அம்மா சொன்னதும் கஞ்சி ஊற்றுகிற அம்மா குழம்பிப்போய், "பேரு இல்லாம எந்த தம்ளர்ல ஊத்துறது?" என்று கேட்டிருக்கிறார். அந்த நேரம் டிரஸ்டின் செகரட்டரி ஐயா உள்ளே வந்தார். தலை நரைத்த மனிதர், வெள்ளைச் சட்டை, எப்போதும் பளபளவென்று ஷூ. பிள்ளைகள் மேல் ஆசையுள்ளவர். உன்னை எட்டிப் பார்த்தார். "அட, இதுக்குப் போய் யோசிப்பாங்களா? எங்கம்மா பேரையே வெச்சிடுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கே தம்ளரில் பெயின்ட் காய்ந்துவிட்டது.

மறுநாள் அந்தப் பெயரைக் கூப்பிட்டார்கள். உன் அம்மா எழுந்திருக்கவில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டார்கள். அவள் உன்னை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். எல்லோருக்கும் ஊற்றி முடித்த பிறகு யாராவது வந்து தன்னைக் கேட்பார்கள் என்று அவள் நினைத்தாள். யாரும் கேட்கவில்லை. அடுத்த நாளும் போனாள். அடுத்த நாளும் உட்கார்ந்திருந்தாள். "கல்லு கணக்கா ஒக்காந்திருக்கா பாரு. புள்ளைக்குப் பால் வேணும்னு ஒரு துடிப்பு இருக்குதா?" என்று அங்கே பேச்சானது. வீட்டுக்கு வந்து என்னிடம் அவள் இதைச் சொல்லவில்லை. கேட்டால், "போய்ட்டு வந்தேன்," என்பாள். போய்விட்டு வந்தது உண்மைதானே.

தராசில் உன் எடை இறங்கிக்கொண்டே போனது.

தை மாதம் ஒரு நாள் சாயங்காலம் ஜீப் நம் ஏரிக்கரைக்கு வந்தது. செகரட்டரி ஐயாவும், மையத்து நர்ஸும் இறங்கினார்கள். நர்ஸ் வேலூரில் படித்தவர், கிறிஸ்தவப் பெண், முப்பது வயதிருக்கும். எல்லோரும் அவரை சிஸ்டரம்மா என்போம். ஐயா என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"இன்னாப்பா, நீ படிக்கத் தெரிஞ்சவன். உன் சம்சாரம் புள்ள பேரக் கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குது. பால் வாங்க மாட்டேங்குது. புள்ள எலும்பும் தோலுமா கெடக்கு. வேலூர்ல எங்க டிரஸ்டோட புள்ளைங்க இல்லம் இருக்குது. அஞ்சு வயசு வரைக்கும் அங்க இருக்கட்டும். நல்லா தேத்தி அனுப்பறோம்."

உன் அம்மாவுக்குத் தமிழ் நன்றாகப் புரியும். பேசத்தான் கூச்சம். அவள் உன்னை இறுக்கிக்கொண்டு ஒரே ஒரு வார்த்தை கேட்டாள். "மாசி?"

"மாசி வரைக்கும்லாம் வெச்சிருக்க முடியாதும்மா. இந்த ஒடம்போட நீங்க கடலு கிடலுன்னு தூக்கிட்டுப் போய்ட்டீங்கன்னா அவ்ளோதான். அதுக்கு முன்னாடியே வந்து கூட்டிட்டுப் போறோம்."

கன்னியம்மா பெயர் சொல்வதற்கு முன்னால் உன்னைக் கொண்டுபோய்விட்டால், கடலில் நாங்கள் யாரை நீட்டுவது? ஐந்து வருடம் கழித்து நீ வருவாய், வேறு பெயரோடு, வேறு பேச்சோடு. உன் அம்மா நாக்கை மடித்துச் சத்தம் போட்டால் திரும்பிப் பார்ப்பாயா?

ஐயா ஜீப்பில் ஏறினார். சிஸ்டரம்மா ஏறவில்லை. "நீங்க போங்க ஐயா, நான் நடந்து வர்றேன்," என்றார். வெள்ளைப் புடவையோடு எங்கள் வாசல் மண்ணில் உட்கார்ந்தார். உன் அம்மாவைப் பார்த்து, "உனக்குக் கோவம் யார் மேல? என் மேலயா?" என்று கேட்டார்.

உன் அம்மா நம் பேச்சில் சொன்னாள், நான் தமிழில் சொன்னேன். "அவங்க கூப்புட்டது என் புள்ளைய இல்ல. அந்தப் பேருக்கு நான் எழுந்தா, அது இவ மேல ஒட்டிக்கும். அப்புறம் கடல்ல அம்மாவுக்கு இன்னா வேல? அவ வாயைத் தெறக்க மாட்டா."

"பாலு?"

"பாலு வேணும். தெனமும் அதுக்குத்தானே வந்தேன். அந்தப் பேருக்கு ஊத்துற பாலு வேற புள்ளையோடது. என் புள்ளைக்கு எப்பக் கூப்புடுவாங்கன்னு ஒக்காந்திருந்தேன்."

நீ சிஸ்டரம்மாவின் கைக்கடிகாரத்தைப் பிடித்து இழுத்தாய். பிறகு அவர், "அப்போ நாங்க எப்படித்தான் கூப்பிடுறது? நீயே சொல்லு," என்றார்.

உன் அம்மா யோசிக்கவே இல்லை. "என்னக் கூப்புடு," என்றாள்.

அவ்வளவுதான் விஷயம். அவ்வளவு நாளும் யாருக்கும் தோன்றாதது. பிள்ளைக்குப் பெயரில்லை, தாய்க்கு இருக்கிறதே. சிஸ்டரம்மா சிரித்துவிட்டார். அப்புறம் என்னைப் பிடித்துக்கொண்டார். "'உன் புள்ளைக்குப் பால் வந்திருக்குது, வாம்மா'ன்னு உங்க பேச்சுல எப்படிச் சொல்லணும்? திருப்பித் திருப்பிச் சொல்லுப்பா." இருட்டுகிற வரைக்கும் சொல்லிக் கொடுத்தேன். ரோடு வரைக்கும் கொண்டுபோய் விடும்போதும் அதையே முணுமுணுத்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் நான் ஷிஃப்டு மாற்றிக்கொண்டு பால் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே போய் நின்றேன். எல்லாப் பெயரும் கூப்பிட்டு முடிந்தது. சிஸ்டரம்மா முன்னால் வந்து, உன் அம்மாவின் பெயரைச் சொல்லி, நம் பேச்சில் அந்த வரியைச் சத்தமாகச் சொன்னார். பாதி வேலூர், பாதி நாம். இழுக்க வேண்டிய இடத்தில் வெட்டினார், வெட்ட வேண்டிய இடத்தில் இழுத்தார். வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் முகம் சிவந்துபோனது, ஆனால் நிறுத்தவில்லை. திரும்பவும் முதலிலிருந்து சொன்னார். அப்போது உன் அம்மா எழுந்தாள். வாயைப் புடவையால் மூடிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டே முன்னால் போனாள். பால் ஆபீஸ் அவள் சிரிப்பை அன்றைக்குத்தான் பார்த்தது.

சிவப்புப் பெயர் எழுதிய தம்ளரை அவள் தொடவில்லை. இடுப்பிலிருந்து ஒரு கொட்டாங்குச்சியை எடுத்து நீட்டினாள்.

"கொட்டாங்குச்சியிலயா ஊத்தச் சொல்ற?" என்றார் கஞ்சி ஊற்றுகிற அம்மா.

"ஊத்துங்கக்கா. பாலுக்கு இன்னா தெரியப்போவுது," என்றார் சிஸ்டரம்மா.

நீ அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மூச்சு விடாமல் குடித்தாய்.

அதற்கப்புறம் நம் ஏரிக்கரைப் பெண்கள் ஒவ்வொருவராகப் போக ஆரம்பித்தார்கள். சிஸ்டரம்மா நம் பேச்சில் கூப்பிடுகிறாராம் என்று கேள்விப்பட்டு, அதை வேடிக்கை பார்க்கவே சிலர் போனார்கள். போனவர்கள் பிள்ளைக்குப் பால் வாங்கிக்கொண்டு வந்தார்கள். உன் எடை ஒரு வாரம் நின்ற இடத்தில் நின்றது. அடுத்த வாரம் துளி ஏறியது. ஆனால் மாசி வந்துவிட்டது, ஐயா தன் முடிவை மாற்றவில்லை.

அவர் எங்களைக் கூப்பிட்டனுப்பினார். நான், உன் அம்மா, உன் மாமன் மூன்று பேரும் போனோம். சிஸ்டரம்மாவும் இருந்தார். ஐயா கோபமாக இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"நான் கல்நெஞ்சுக்காரன்னு நெனைக்காதீங்க," என்றார். "ரெண்டு வருசம் முன்னாடி இதே மாதிரி ஒரு புள்ளைய எங்கியோ திருவிழாவுக்குத் தூக்கிட்டுப் போனாங்க. வேற ஜனங்க. கண்ட தண்ணியக் குடிச்சி வயித்தால போய்த் திரும்பி வந்துச்சி. என் கையிலதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனேன். வாசப்படி தாண்டறதுக்குள்ள போய்ட்டுது. இன்னொரு வாட்டி என்னால அப்படி ஓட முடியாது. அடுத்த வருசம் கடலுக்குப் போங்க. கடல் எங்க போவப் போவுது?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. உன் மாமன் தரையைப் பார்த்தான். சிஸ்டரம்மா வாயைத் திறக்கப் போனார். அதற்குள் உன் அம்மா பேசினாள். தமிழில், அவர் முகத்தைப் பார்த்து.

"நீங்களும் வாங்க."

ஐயாவுக்குப் புரியவில்லை. "எங்க?"

"கடலுக்கு. பாலும் வரட்டும். அந்தத் தராசும் வரட்டும். சிஸ்டரம்மாவும் வரட்டும். புள்ளைய நீங்களே பாத்துக்கோங்க."

உன் மாமன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "வரலாம் ஐயா. கன்னியம்மா ஒண்ணும் சொல்ல மாட்டா. அந்த ஷூவ மட்டும் கழட்டிடணும்," என்றான்.

ஐயா சிரிப்பை அடக்கிக்கொண்டு சிஸ்டரம்மாவைப் பார்த்தார். சிஸ்டரம்மா, "தண்ணிய நான் காய்ச்சித் தர்றேன் ஐயா. ஏரிக்கரைப் புள்ளைங்க அத்தனையும்தான் போவுது. அங்க போய் நாம கஞ்சி ஊத்துனா இன்னா தப்பு?" என்றார்.

"சரி," என்றார் ஐயா கடைசியில். "ஆனா ஒண்ணு. சாமி கும்பிட்டு முடிச்சதும் அங்கியே எடை போடுவேன். போன வாரத்து எடைக்குக் கீழ முள்ளு எறங்கிடுச்சின்னா, ஜீப்பு அங்கேர்ந்து நேரா வேலூருதான். அப்புறம் அழக் கூடாது."

உன் அம்மா தலையாட்டினாள். வெளியே வந்ததும் அவளை வழியில் நிறுத்தினேன். "ஏன் ஒத்துக்கினே?" என்று கேட்டேன். "அம்மா பாத்துக்குவா. அவளுக்கும் இந்தப் புள்ள வேணும் இல்ல," என்றாள்.

டேனரியில் லீவு கேட்டேன். மேஸ்திரி பாய் குழிக்குள் இருந்த தோலைக் கம்பால் புரட்டிக்கொண்டே, "வருசா வருசம் மாசி வந்தா உங்களால பேஜாரு. பட்டையும் வராது, ஆளும் வராது," என்று திட்டினார். பெயர் வைக்கப் போகிறோம் என்றதும் கம்பை நிறுத்தினார். "பேரு வெக்கவா? எங்க வீட்லயும் முடி எடுத்துத்தான் பேரு வெப்போம். அத மொதல்ல சொல்றதுக்கு இன்னா? போ, போ."

நாங்கள் எப்போதும் போல ரயிலில் போனோம். காட்பாடி, அரக்கோணம், அங்கிருந்து செங்கல்பட்டு வண்டி, அப்புறம் பஸ். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நம் ஜனங்கள் மூட்டையோடு ஏறினார்கள். வண்டிக்குள் எங்கே திரும்பினாலும் நம் பேச்சு. டிக்கெட் பார்க்க வந்தவர்தான் அன்றைக்குப் புரியாமல் விழித்தார். அவருக்கு நம் பக்கத்துக் கிழவர் ஒருவர் தமிழ் சொல்லிக் கொடுப்பது போல நிறுத்தி நிறுத்திப் பேசினார். பெட்டியே சிரித்தது. சிஸ்டரம்மா ஜீப்பில் வரவில்லை, எங்களோடு வந்தார். கொதிக்க வைத்து ஆற வைத்த தண்ணீர் பாட்டில்கள் நிறைந்த கூடையை யாரையும் தொட விடவில்லை.

கடற்கரையில் போய் இறங்கியபோது ஜீப் எங்களுக்கு முன்னாலேயே வந்திருந்தது. சவுக்குத் தோப்பு ஓரத்தில் கல் கூட்டி அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கஞ்சி ஊற்றுகிற அம்மா அண்டாவில் துழாவிக்கொண்டிருந்தார். மூன்று மூங்கிலைக் கூட்டிக் கட்டி அதில் தராசைத் தொங்கவிட்டிருந்தார்கள். உன் மாமன் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, "ஆட்டுக்குட்டி வாங்க வந்தவங்கன்னு நெனச்சிக்கப் போறாங்க," என்றான். மணல் முழுக்கப் புடவைகளைக் குச்சியில் கட்டி மறைப்புப் போட்டு, எந்தெந்த ஊரிலிருந்தோ வந்த நம் ஜனங்கள் இறங்கியிருந்தார்கள். ஐயா ஜீப் பக்கத்தில் நின்று அந்தக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஏரிக்கரையில் நாலு குடிசை என்றுதான் அவர் நம்மை நினைத்திருந்தார்.

விடிகிற நேரத்தில் எல்லோரும் தண்ணீரில் இறங்கினோம். மணலைக் குவித்துப் படி வைத்து, ஏழு கன்னிமாருக்கும் இடம் பண்ணி, மஞ்சளும் பூவும் வைத்தோம். உனக்கு முடி எடுத்தோம். நீ ஊரே கேட்கிற மாதிரிக் கத்தினாய். உன் மாமன் கும்பிட்டுக்கொண்டே நின்றான். கொஞ்ச நேரத்தில் அவன் உடம்பு ஆடத் தொடங்கியது. பட்டை உரிக்கிற, நாள் முழுக்க யாரையாவது கிண்டல் பண்ணுகிற உன் மாமன் இல்லை அது. உன் அம்மா உன்னை இரண்டு கையிலும் ஏந்தி நீட்டினாள். அலை அவள் முழங்காலில் மோதியது. கன்னியம்மா நம் பேச்சில் வாய் திறந்து உன் பெயரைச் சொன்னாள்.

அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. உனக்குத் தெரியும். அது நம் பேச்சில் எப்படி ஒலிக்கும் என்பதை எந்த எழுத்தாலும் காட்ட முடியாது.

உன் அம்மா அதைத் திருப்பிச் சொன்னாள். நான் சொன்னேன். பக்கத்து மறைப்பில் இருந்தவர்கள் சொன்னார்கள். திரும்பிப் பார்த்தால் ஐயா தண்ணீர் ஓரத்தில் நிற்கிறார். ஷூவைக் கையில் பிடித்திருக்கிறார், கால்சட்டை முழங்கால் வரைக்கும் நனைந்திருக்கிறது. உதடு மெதுவாக அசைந்தது. அவரும் சொல்லிப் பார்க்கிறார்.

அப்புறம் தராசு.

தூளியில் உன்னை உட்கார வைத்தபோது சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. முள் ஆடி ஆடி, போன வாரத்துக் கோட்டைத் தாண்டி நின்றது. ஐயா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "ஈரத் துணியோட ஒக்காந்திருக்குது. அத அவுத்துட்டுப் பாருங்க," என்றார்.

சிஸ்டரம்மா துணியை அவிழ்த்தார். முள் இறங்கியது. உன் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. முள் இறங்கி, ஆடி, நின்றது. கோட்டுக்கு மேலேதான் நின்றது. கொஞ்சம்தான். ஆனால் மேலே.

"இன்னொரு வாட்டி," என்றார் ஐயா.

அதற்குள் சாமி மலையேறி, உன் மாமன் பழைய ஆளாகிவிட்டிருந்தான். "முடியும் போச்சி, துணியும் போச்சி. இன்னும் இன்னாத்த ஐயா எடுக்கறது?" என்றான்.

முதலில் சிரித்தது ஐயாதான். அப்புறம் சிரிப்பு கரை முழுக்கப் பரவியது. அவர் தானே குனிந்து உன்னைத் தூளியிலிருந்து தூக்கினார். "இல்லம் வேணாம். அதுக்கு எழுதி வெச்ச கடுதாசியக் கிழிச்சிடறேன்," என்று சிஸ்டரம்மாவிடம் சொன்னார். உன் அம்மாவிடம் உன்னைக் கொடுக்கும்போது, "எங்கம்மா பேர வேணாம்னு சொன்ன மொத ஆளு நீதாம்மா," என்றார்.

உன் அம்மா, "ஒங்க அம்மா பேரு நல்லாத்தான் இருக்குது. இவளோடது இல்ல, அவ்ளோதான்," என்றாள். தமிழிலேயே சொன்னாள்.

கஞ்சி தயாராக இருந்தது. சிஸ்டரம்மா அடுப்புப் பக்கத்தில் நின்று, அன்றைக்கு முதல் முதலாக உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். உன் அம்மா எழுந்தாள். கூப்பிட்டு வாய் மூடுவதற்குள் எழுந்தாள். உன்னை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, அந்தக் கடற்கரையே தனக்குச் சொந்தம் என்கிற மாதிரி நடந்து போனாள். அதைப் பார்த்து மற்ற மறைப்புகளிலிருந்தும் பெண்கள் அப்போதுதான் பெயர் வாங்கிய பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். திருத்தணிப் பக்கத்தவர்கள், செங்கல்பட்டுப் பக்கத்தவர்கள், நாம் பார்த்தே இராதவர்கள். ஒவ்வொருவரும் பெயரைச் சொன்னார்கள். சிஸ்டரம்மா உரக்கக் கூப்பிட்டார், ஐயா கரண்டியை வாங்கி ஊற்றினார். அண்டா காலியானதும் கஞ்சி ஊற்றுகிற அம்மா அடுத்த உலை வைத்துவிட்டு, நம் பெண்களைப் பார்த்து நம் பேச்சிலேயே, "இருங்க, வருது," என்றார். எப்போது கற்றுக்கொண்டாரோ.

அந்த வருடத்திலிருந்து பால் ஆபீஸில் பிள்ளையின் பெயரைத் தாய் தகப்பன் சொன்னால்தான் எழுதுவார்கள். அதுவரைக்கும் தாயைக் கூப்பிடுவார்கள். மாசி வந்தால் ஜீப்பும் தராசும் கடலுக்குப் போகும். உன் அம்மாவை அங்கேயே வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். புதிதாக வருகிற நம் பெண்களிடம் நம் பேச்சில் பேசுவதுதான் அவள் வேலை. உங்கள் மூன்று பேரையும் அவள் பாடித் தூங்க வைக்கிற பாட்டை அங்கே எல்லாப் பிள்ளைகளும் பாடும், மேஸ்திரி பாயின் பேத்தி உட்பட. உடும்பு எங்கே, ஈசல் எங்கே, தேன் எங்கே என்று கேட்டுக் கேட்டுப் போகுமே, அந்தப் பாட்டு.

ஆகையால் பெரியவளே, பெஞ்சுப் பெண்கள் சிரித்தால் சிரிக்கட்டும். சிஸ்டரம்மா பேசியபோது நாங்களும்தான் சிரித்தோம். அவர் நிறுத்தவில்லை, முதலிலிருந்து திரும்பச் சொன்னார். நீயும் சொல்.

கடலிலிருந்து திரும்பி வந்த மறுநாள் காலை, ஷிஃப்டுக்குப் போகிற வழியில் பால் ஆபீஸுக்குப் போனேன். காவல்காரர் கதவைத் திறந்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். உள்ளே யாரும் இல்லை. அலமாரியில் தம்ளர்கள் கவிழ்த்து அடுக்கியிருந்தன. சிவப்புப் பெயர் எழுதிய அந்த ஒன்றை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்க் குந்தினேன். ஓட்டுச் சில்லும் மணலும் வைத்துத் தேய்த்தேன். அது ஒரு நல்ல அம்மாவின் பெயர். அதனால் அழுத்தாமல், ஓர் எழுத்து போன பிறகு அடுத்த எழுத்து என்று மெதுவாகத் தேய்த்தேன். பெயின்ட் முழுக்கப் போனதும் கழுவினேன். அதில் நான் வேறு எதுவும் எழுதவில்லை. அடுத்து வருகிற பெயரில்லாத பிள்ளைக்கு ஆகட்டும் என்று, வெறும் தம்ளராகவே அலமாரியில் முதல் இடத்தில் கவிழ்த்து வைத்துவிட்டு, சங்கு ஊதுவதற்குள் டேனரிக்கு நடந்தேன்.